நாடா 63, இரண்டாம் பக்கம்

பணிநிறைவு மலருக்காக
டாக்டர் மெர்சி தங்கபுஷ்பத்தின் வாழ்க்கைக் குறிப்பை
நான்தான் அடித்துக் கொடுத்தேன்,
பாளை மார்க்கெட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷினுக்கும் லேமினேஷன் சூட்டுக்கும் நடுவில்.

முதலில் தாவரவியல்.
குறுக்குத்துறைப் படியில் பாசி வழித்து
கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்த இரண்டு வருஷம்.
பிறகு எல்.ஐ.சி. குமாஸ்தா.
"செத்தவர்களின் வயதைக் கூட்டிக்கொண்டிருந்தேன்" என்றார்,
"இதை அடிக்காதே" என்றும் சொன்னார்.
அப்புறம் எத்தியோப்பியாவில் ஆறு வருஷம்,
அறிவியல் டீச்சர், ஆளில்லாததால் கணக்கும்.
திரும்பி வந்து தபாலில் வரலாறு படித்து
நாற்பத்தொன்றில் முனைவர்.

"இவ்வளவு தாவியிருக்கீங்களே மேடம்,
ஒரு பக்கத்தில் அடங்காது."
"எழுத்தைச் சின்னதாக்கு, செய்யதலி."

மலரில் வராதவை நாடாக்கள்.
பாட்டா அட்டைப்பெட்டிகளில் இருநூறுக்கு மேல்,
ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு
யாரோ ஒரு குடும்பத்தின் படம்.
எட்டு வருஷம் காதில் மாட்டிக் கேட்டு
பக்கத்துக்கு நாலு ரூபாய்க்கு எழுதினேன்.

மேடம் யாரிடமும் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டதில்லை.
படத்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்பார்:
"இதை எடுத்த அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

இட்லி வாங்கித் தாரேன்னு கூட்டிட்டுப் போனாவ, தரல.
அந்தக் கோட்டு ஸ்டுடியோவோடது, அதுக்கு முதுகே கிடையாது.
வாட்ச் எங்க மச்சானுக்குள்ளது, ஓடாது.
சிரிக்காதங்கன்னு சொன்னாவ, அதான் இப்பிடி இருக்கோம்.

அறுபத்து மூன்று, முக்கூடல்.
சுடலைவடிவு, பீடி சுற்றுபவர்,
வயது "எழுவதுக்கு மேல, எழுதிக்கிடுங்க".
பேச்சுக்கு அடியில் இலை வெட்டும் கத்தரி
டக், டக் என்று ஓடிக்கொண்டே இருக்கும்.
படத்தில் நாலு பேர். வலது ஓரம் நேராக வெட்டுப்பட்டிருக்கிறது.
மூத்தவர் தோளில் மட்டும்
ஆளில்லாமல் நாலு விரல்கள்.

அறுபத்தொன்றில் தம்பி ஆறுமுகநயினார் சொன்னது:
அப்பாவோட கொழும்புக் கூட்டாளி.
அறுபத்திரண்டில் மதினி சொன்னது:
விரலும் இல்ல ஒண்ணும் இல்ல, துண்டோட மடிப்பு.

சுடலைவடிவு சொன்னது:
"நான்தான் வெட்டுனேன். இந்தா, இந்தக் கத்தரிதான்."
"யாரை?"
"அதச் சொல்லுததுக்கா வெட்டுனேன்?"
டக், டக்.
"உங்க வீட்டுப் படத்துல யார வெட்டியிருக்கு, டீச்சர்?"

கத்தரி நின்றுவிட்டது.
தெருவில் ஆலங்குளம் பஸ் ஹார்ன் அடித்துப் போனது.
நாடா கெட்டுப்போயிற்றோ என்று
ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கெடவில்லை.
பிறகு மேடத்தின் குரல், தொண்டை கட்டினாற்போல:
"விரலை மட்டும் ஏன் விட்டீங்க?"

"அதையும் வெட்டுனா
அண்ணன் தோளும்லா போயிரும்."

நான் "மௌனம்" என்று அடித்திருந்தேன்.
மேடம் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு
"பதினோரு நொடி" என்று திருத்தினார்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைக்கு நாலு ரூபாய்க்குப் பதில் ஐந்தாகக் கொடுத்தார்,
சில்லறை இல்லாததாலும் இருக்கலாம்.

மலருக்குப் படம் கேட்டேன்.
கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார்.
தகரக்கூரைப் பள்ளி, பின்னால் மொட்டை மலை,
முப்பது வயது மேடம் வெயிலுக்குக் கண் சுருக்கிச் சிரிக்கிறார்.
இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.
பக்கத்தில் வெள்ளைப் போர்வை போர்த்திய ஒருவர்,
நெட்டை, அவரும் சிரிக்கிறார்.
குறிப்பில் அந்த ஆறு வருஷத்துக்கு ஒரு வரிதான்,
அதில் இவருக்கு இடமில்லை.

"என் முகம் மட்டும் போதும், பாஸ்போர்ட் சைஸ்" என்றார்
வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே.

ஸ்கேன் செய்து, கட்டம் போட்டு, வெட்டினேன்.
இடது ஓரத்தில் ஒரு கீற்று வெள்ளை நின்றது.
சுவரென்றுதான் நினைப்பார்கள்.
பழைய கோப்பின் மேலேயே சேமிக்கவா என்று
கம்ப்யூட்டர் கேட்டது.
வேண்டாம் என்று அழுத்தினேன்.

"மேடம் 2" என்ற பெயரில் முழுப்படமும் இருக்கிறது.
கேட்டால் கொடுப்பேன்.
நேற்றுகூடக் கடைக்கு வந்தார்,
மின்கட்டண ரசீதுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டுப் போனார்.